பனி தங்காத கோபுரம்

மக்வாலா எங்கள் ஊரை இருட்டாக்கியவள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பேருந்தில் கேட்டேன், மாவு ஆலையில் கேட்டேன், போன மாதம் ஒரு சாவு வீட்டிலும் கேட்டேன். மூன்று இடத்திலும் அதைச் சொன்னவர்கள் அன்று சத்தியம் செய்தவர்கள், அல்லது அவர்களுடைய மருமக்கள். பொய் சொல்கிறார்கள். நான் நாற்பத்தொரு வருடம் துணைமின் நிலையத்தில் மணிக்கு மணி அளவெடுத்து எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுச் சுவரில் ஒரு வோல்ட் மானியை மாட்டி எழுதி வருகிறேன். நடந்ததை நடந்தபடி இங்கே வைக்கிறேன். யாருக்காவது வலித்தால் வலிக்கட்டும்.

மக்வாலா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. இருபத்தேழு வருடமாக அதே அடுப்பு, அதே இரண்டு பெரிய பானைகள். முப்பத்துநான்கு பிள்ளைகளில் எவனுக்கு அவரைப் பயறு பிடிக்காது, எவள் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து எறிவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். இல்லை என்று வந்தவனை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கணவர் ஜோக்கியா நகானி மரம் வெட்டப் போனவர். 2016 செப்டம்பரில் ஒரு தேவதாருத் தண்டு உருண்டு இடது இடுப்பை நசுக்கிவிட்டது. மூட்டை மாற்ற வேண்டும், பதினோராயிரம் லரி ஆகும் என்றார்கள் குத்தாய்சி ஆஸ்பத்திரியில். அந்த வீட்டில் பதினோராயிரம் லரி எப்போதும் இருந்ததில்லை.

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. ஜோக்கியாவின் தம்பி மகன் எல்குஜா தலைநகர் திபிலிசியிலிருந்து ஒரு காரும் இரண்டு கைபேசியுமாக வந்தான். அவர்கள் வீட்டு மின்பெட்டியில் ஒரு திருகு கழன்றிருந்தது. அதை முறுக்க நான் போயிருந்தேன். அதனால் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

"பெரியம்மா, மூணு பசு வச்சிருக்கீங்களே, அதுங்க என்ன குடுக்குது?"

"பால் குடுக்குது. சாணி குடுக்குது. உன்னை மாதிரி ஓயாமப் பேசாது, அது தனி உபகாரம்."

"பசு வயசாகும். சாகும். நான் சொல்ற கம்ப்யூட்டர் பெட்டி தூங்காது, மேயாது, ராப்பகலா பிட்காயின் எடுத்துக்கிட்டே இருக்கும்."

"எங்கேருந்து எடுக்கும்? யாரு பையிலேருந்து?"

"யாரு பையும் இல்ல. கணக்குப் போடும். உலகம் பூராவும் பெட்டிங்க கணக்குப் போடுது, சரியாப் போட்டா காசு வருது. அதுக்கு வேண்டியது கரண்ட் ஒண்ணுதான். ஊர் உலகத்துல எல்லாரும் கரண்ட் பில்லைப் பாத்து அழறான். நமக்கு மலையில பில்லே கிடையாது. இதைவிட என்ன வேணும்?"

ஜோக்கியா கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "சும்மா வர்றது சும்மா போகும்டா."

"பெரியப்பா, உங்க இடுப்பு அடுத்த வருஷமே புதுசாயிடும். நான் சொல்றேன்."

அந்த வார்த்தையில்தான் மக்வாலா விழுந்தாள். பேராசையில் விழுந்தாள் என்று சொல்பவர்கள் அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன். அவள் கணவரின் காலைப் பார்த்தாள், பிறகு எல்குஜாவைப் பார்த்தாள்.

எத்தனை பெட்டி, யார் போட்ட காசு, வருவதில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன் நான். எல்குஜாவின் முகம் சிவந்தது. எழுந்து நின்று, புனிதர் கியோர்கியின் கோயில் இருக்கும் பக்கம் திரும்பி, "கியோர்கி மேல சத்தியம். பெரியம்மா காசுல ஒரு துளி குறைஞ்சா என் வம்சத்துல விளக்கேத்த ஆள் இல்லாமப் போகட்டும்" என்றான்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பிறகு தாள் கேட்க முடியாது. கேட்டால் அவனை மட்டுமல்ல, அவன் குலத்தையே அவமதித்ததாகும். இரத்தப் பகையைக்கூட எங்கள் பாட்டன்மார்கள் இப்படித்தான் தீர்த்தார்கள். கோயிலில் கியோர்கியின் படத்தின் முன் ஒரு வார்த்தை, அதோடு சரி. நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியது தவறு. இதையும் எழுதி வைக்கிறேன்.

மூன்று பசுக்களும் போயின. தொழுவத்தில் நான்கு பெட்டிகள் வந்தன.

முதல் பதினான்கு மாதம் பணம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை போட்டார்கள். ஜோக்கியாவின் மருந்துக் கடை பாக்கி தீர்ந்தது. போதாததற்குப் பெட்டிகள் விடும் அனலில் அந்தத் தொழுவம் ஊரிலேயே சூடான இடமாகிவிட்டது. அடுத்த வீட்டு லமாரா துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு அங்கேதான் வருவாள். வெளியே பலகையாக விறைக்கும் துணி அங்கே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். "அக்கா, உன் பெட்டி காசு போடுதோ இல்லையோ, என் வீட்டுக்காரர் உள்சட்டை காயுது. அதுவே லாபம்" என்பாள். இரண்டாவது மாதம் லமாராவின் மகனும் எல்குஜாவைத் தேடிப் போனான்.

2021 தொடங்கியதும் எல்குஜா காசாக மாற்றித் தருவதை நிறுத்தினான்.

"இப்ப விக்கக் கூடாது பெரியம்மா. விலை ஏறுது. இப்ப வித்தா சினைப் பசுவை அடிமாட்டு விலைக்குத் தள்ளின கதை."

ஏறியது. வசந்தத்தில் மக்வாலாவின் கணக்கில் இருந்ததை வைத்து இரண்டு இடுப்புக்குச் சிகிச்சை செய்திருக்கலாம். கேட்டாள். இன்னும் ஏறும் என்றான். கோடையில் பாதியாக விழுந்தது. கேட்டாள். இப்போது விற்றால் நஷ்டம் என்றான். ஏறினாலும் விற்கக் கூடாது, இறங்கினாலும் விற்கக் கூடாது என்றால் அந்தக் காசு யாருடையது? நான் அவனிடமே இதைக் கேட்டேன். "தாத்தா, நீங்க வோல்ட்டு எழுதுங்க" என்றான்.

அந்தக் காசுக்குப் பூட்டு உண்டு. சாவி பன்னிரண்டு சொற்கள். அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் தெரிந்தவன் எவனோ அவன்தான் சொந்தக்காரன். அவை எழுதிய தாளைத் தன்னிடம் கொடு என்று மக்வாலா மூன்று முறை கேட்டாள்.

"உங்ககிட்ட குடுத்தா அதுல ரொட்டி சுத்திடுவீங்க."

"சுத்தினா என்னடா, என் ரொட்டி, என் காசு."

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

பண்ணியிருந்தான். அதனால் அவள் நிறுத்திக்கொண்டாள்.

இதற்குள் முப்பத்தெட்டு வீட்டில், மக்வாலா வீடு போக, இன்னும் ஒன்பது வீட்டில் பெட்டி ஓடியது. இருநூற்று இருபது இருக்க வேண்டிய இடத்தில் என் மானி நூற்று அறுபத்தெட்டு காட்டியது, சில நாள் நூற்று ஐம்பது. 2022 ஜனவரியில் மின்மாற்றி ஒரு முறை எரிந்தது. மருத்துவ அறையில் தடுப்பூசிப் பெட்டி மூன்று நாள் பனியில் புதைத்து வைக்கப்பட்டது. பள்ளிக்கூடத்து மின் அடுப்பில் அவரை வேக மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை வேகவே இல்லை. பிள்ளைகள் பல்லில் கடித்துத் துப்பினார்கள். மக்வாலா கரண்டியோடு நின்று பார்த்தாள். அன்று மாலை என்னிடம் வந்து கேட்டாள்.

"என் நாலு பெட்டி எத்தனை அடுப்புக்குச் சமம்?"

ஏழு பெரிய அடுப்புக்குச் சமம் என்றேன்.

"அப்ப என் அடுப்பை நானே அணைச்சிருக்கேன்" என்றாள்.

மின்பாரம் குறையாவிட்டால் வீட்டுக்கு வீடு மீட்டர் வரும், பணம் கட்ட வேண்டும் என்று கீழே மின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊர் கூடியது. பெட்டி இருக்கிற வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பெயரை ஒருவர் சொன்னால் பகை வரும். ஆகவே கோயில் சாவி வைத்திருக்கும் பவ்லே ஒரு வழி சொன்னார்: பிப்ரவரி 6, ஞாயிறு, ஒவ்வொரு வீட்டின் தலைவரும் கோயில் முற்றத்தில் கியோர்கியின் வெள்ளிப் படத்தைத் தொட்டு, 'என் வீட்டில் இயந்திரம் இல்லை, இனியும் இருக்காது' என்று சொல்ல வேண்டும். அதோடு முடிந்தது. நல்ல வழிதான், மனிதர்கள் நல்லவர்களாக இருந்தால்.

அதற்கு முந்தைய செவ்வாய் எல்குஜா மக்வாலா வீட்டுக்கு வந்தான். அந்தப் பேச்சை ஜோக்கியா எனக்கு இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரே மாதிரி இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

"பெரியம்மா, கோபுரத்துச் சாவி குடுங்க."

அவர்கள் வீட்டை ஒட்டி நிற்கும் பழைய கல்கோபுரத்தைச் சொன்னான். நகானிக் குலத்தின் ஆறு குடும்பத்துக்கும் பொது. சாவி மட்டும் மக்வாலாவிடம்.

"எதுக்கு?"

"ஒன்பது வீட்டுப் பெட்டியையும் உங்களோடதையும் அங்க அடுக்கிடலாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் நிம்மதியா சத்தியம் பண்ணலாம். யாரு வீட்லயும் பெட்டி இருக்காது. பொய்யே இல்ல."

"கோபுரம்?"

"கோபுரம் யாரு வீடும் இல்லையே. எந்தப் பதிவேட்டுலயும் வீடுன்னு இல்ல."

"கியோர்கி பதிவேடு பாத்துட்டுதான் தண்டிப்பாராடா?"

"பெரியம்மா, பவ்லே மாமாவோட பெட்டியும் அதுல ரெண்டு இருக்கு."

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. குலத்தின் மற்ற ஐந்து வீட்டாரும் வந்து பொதுச் சொத்து, பொதுச் சாவி என்று கேட்டு வாங்கிப்போனார்கள். அவளுடைய நான்கு பெட்டியையும் கேட்காமலே தூக்கிப்போனார்கள். எல்குஜா வாசலில் நின்று சொன்ன கடைசி வார்த்தை இது:

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சொல்றதையே நீங்களும் சொல்லுங்க. வசந்தத்துல மொத்தத்தையும் வித்துக் காசைக் கையில குடுக்கறேன். பெரியப்பா எந்திரிச்சு நடப்பாரு. வேற ஏதாச்சும் சொன்னீங்கன்னா, அந்தப் பன்னெண்டு வார்த்தையும் எனக்கு மறந்துபோயிடும்."

ஆகக் கேள்வி இதுதான்: ஒரு வாக்கியமா, ஒரு இடுப்பா. ஐந்து நாள் அவளுக்கு இருந்தது. அந்த ஐந்து நாளும் அவள் வழக்கம்போல அவரை ஊறவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. உறைநிலைக்குக் கீழே பதினான்கு பாகை. ஜோக்கியாவால் மேடு ஏற முடியாது, ஆகவே மக்வாலா வீட்டுத் தலைவியாக வந்தாள். கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் ஊர்க் கோபுரங்கள் அத்தனையும் தெரியும். பதினோரு கோபுரங்கள். பத்தின் தலையில் முழங்கால் உயரத்துக்குப் பனி. நகானிக் கோபுரத்தின் தலை மட்டும் மொட்டைக் கல்லாக, ஆவி விட்டுக்கொண்டு நின்றது. உள்ளே இருபத்தாறு பெட்டி. அதன் இரைச்சல் குளவிக் கூட்டைப் போல மேடுவரை கேட்டது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, காதால் கேட்டுக்கொண்டே, முப்பத்தைந்து பேர் வரிசையாக வந்து படத்தைத் தொட்டுச் சொன்னார்கள். பவ்லே முதலில் சொன்னார். லமாராவின் கணவர் ஏழாவதாகச் சொன்னார். ஒருவர் குரலும் நடுங்கவில்லை.

நானும் சொன்னேன். என் வீட்டில் இல்லை, இருந்ததும் இல்லை.

மக்வாலா முப்பத்தேழாவது. படத்தின் முன் நின்று கையைக் கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"என்னால இதைச் சொல்ல முடியாது. என் பெட்டி நாலு. இப்ப அது எங்க கோபுரத்துல இருக்கு, உங்களோட இருபத்திரண்டோட சேர்ந்து. என்னோடதை இன்னிக்கே நிறுத்தறேன்."

"ஏம்மா, என்ன சொல்ற? இத்தனை பேரும் பொய் சொன்னோம்கறியா?" என்றார் பவ்லே.

"நான் எண்ணிக்கையைத்தான் சொன்னேன். மிச்சம் நீங்க சொல்றீங்க."

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "சத்தியம் பண்ணவன் மேல பழி போட்டா அவளும் சத்தியம் பண்ணணும்! அதான் முறை!"

அவன் சொன்ன முறை உண்மை. மக்வாலா கையை வெளியே எடுத்தாள். படத்தைத் தொட்டாள். "நான் சொன்னது உண்மை. பொய்யானா ஜோக்கியா எந்திரிக்கவே வேண்டாம்" என்றாள்.

நான் உரக்கச் சொன்னேன்: "கோபுரம் இங்கேருந்து இருநூத்துப் பத்து அடி. எல்லாரும் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

ஒருவரும் அசையவில்லை. பவ்லே என்னைப் பார்த்த பார்வையில் நான் கோயிலில் எச்சில் துப்பியது போலிருந்தது. "சத்தியத்துக்குப் பிறகு சரிபாக்கறதா? படத்தைவிட உன் கண்ணு பெரிசா?"

நாற்பத்தொரு வருடம் ஊசி காட்டியதை எழுதியவன் நான். ஊசியிடம் யாரும் சத்தியம் கேட்டதில்லை. இருநூற்றுப் பத்து அடி தூரத்தில் உண்மை ஆவி விட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் போவது பாவமாம். பொய் சொன்னது பாவமில்லையாம்.

மக்வாலா போனாள். தனியாக, பனியில் கால் புதையப் போனாள். கதவில் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து எடுத்த கோடாரியின் பின்பக்கத்தால் நான்கு அடி. உள்ளே போய் மொத்தத்துக்கும் ஒரே விசையைக் கீழே இழுத்தாள். அவ்வளவு பாரம் ஒரே நொடியில் விலகியதில் ஊர்க் கம்பியின் தடுப்பான் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிட்டது. இதுதான், இது மட்டும்தான், அவள் கொண்டுவந்த இருட்டு: 11.52 முதல் 12.11 வரை, பத்தொன்பது நிமிடம். நட்டநடுப் பகல். வெயில் பனியில் பட்டுக் கண் கூசிக்கொண்டிருந்தது. தடுப்பானை நானே போய்த் தூக்கிவிட்டேன். அதன் பிறகு மானி இருநூற்றுப் பதினாறு காட்டியது. இரண்டு வருடத்தில் அதுவே அதிகம்.

இரைச்சல் நின்றதை முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

புதன்கிழமைக்குள் எல்குஜா இரண்டு சரக்கு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டான். அவள் நான்கும் அதில் போயின. ஒரு வாரம் கழித்து மக்வாலா அவனுக்குத் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பெரியம்மா, அந்தப் பேப்பர் தொலைஞ்சுபோச்சு. பன்னெண்டுல பதினொண்ணுதான் ஞாபகம் இருக்கு."

"அந்தப் பன்னெண்டாவது என்னன்னு நான் சொல்லட்டா? திருடன்."

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அந்தக் காசு இன்றும் எங்கோ ஒரு கணக்கில் இருக்கலாம், அல்லது அவன் காருக்குள் பெட்ரோலாகப் போயிருக்கலாம். காட்டுவதற்கு மக்வாலாவிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

மீட்டர் வரவில்லை. மின்சாரம் இன்றும் இலவசம். அவரை ஐம்பது நிமிடத்தில் வேகிறது. அந்த அவரையைத் தின்னும் பிள்ளைகளின் வீட்டில்தான் மக்வாலாவைக் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. அவள் ரொட்டியை விருந்துக்கு வாங்குவதில்லை.

அந்த வருடமே அக்டோபரில் பவ்லேயும் லமாராவும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஜோக்கியாவோடு பகடை ஆடிக்கொண்டிருந்தேன். கோடையில் பவ்லேயின் காளை பாறையிலிருந்து விழுந்து செத்திருந்தது. லமாராவின் பேரனுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. பவ்லே ஒரு உறையை மேசையில் வைத்தார்.

"ஒன்பது வீடும் சேர்ந்து போட்டது. பதினோராயிரம். ஜோக்கியாவோட இடுப்புக்கு."

மக்வாலா உறையைப் பார்த்தாள். "பதிலுக்கு?"

லமாரா அழுதாள். "அக்கா, படத்து முன்னால வந்து, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். உன் சத்தியம் நிக்கிற வரைக்கும் எங்க சத்தியம் பொய்யாவே நிக்குது. அது எங்க பிள்ளைங்க தலையில இறங்குது."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அது எங்களுக்குத் தெரியும்க்கா."

"அப்ப நீங்க ஒன்பது பேரும் மேட்டுக்குப் போங்க. உண்மையைச் சொல்லுங்க. பொய் போயிட்டா சாபம் எங்க ஒட்டும்? இதுக்குப் பதினோராயிரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"ஊர் என்ன சொல்லும்?" என்றார் பவ்லே.

"ஊரைவிடப் பேரன் சின்னவனா?" என்று லமாராவைப் பார்த்துக் கேட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "உன் இடுப்பு. நீ சொல்லு."

ஜோக்கியா பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தார். "முதல்ல என் இடுப்பைக் காட்டி என் பசுவை வாங்கினாங்க. அப்புறம் அதையே காட்டி வாயை மூடச் சொன்னாங்க. இப்ப அதையே காட்டி வாயைத் திறக்கச் சொல்றாங்க. போதும். வெளிய போறப்பக் கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் வருது."

பவ்லே உறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு லமாரா தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். முற்றத்தில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கணவர் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் லமாரா மக்வாலாவின் வீட்டில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சண்டைச் சத்தம் கேட்டது, பிறகு ரொட்டி மணம் வந்தது.

ஜோக்கியா இன்னும் தடியோடுதான் நடக்கிறார். கிணற்றுக்கும் வீட்டுக்கும் பதினேழு நிமிடம்.

இன்னும் எட்டு வீடு பாக்கி.